வெயிலூர் லீவும் டான்ஸ் பேடும் கணைக்கால் வலியும்

வேலூரை வெயிலூர் என்று சொல்வது சும்மா கேலிக்கு இல்லை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்ப யாருக்கும் மனசு வராது. பரீட்சை முடிந்த கையோடு டி.வி. முன்னால் டான்ஸ் பேடை, அதாவது திரையில் வரும் அம்புகளுக்கு ஏற்ப மிதித்து ஆடும் விளையாட்டு விரிப்பை, விரித்துவிடுகிறார்கள். ஏப்ரல் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த கால்கள் மே முதல் வாரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் குதிக்கின்றன. இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி தொடங்குகிறது. "சுளுக்குதான், எண்ணெய் தேய்ச்சா போயிடும்" என்று ஒருவர் சொல்ல, எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடியும் குதிக்கிறார்கள்.

சுளுக்கு இல்லை அது. டாக்டர்கள் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்பார்கள். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே தொடங்கி, கணைக்கால் எலும்பின் உள்ஓரமாக ஒரு சாண் வரைக்கும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக வலித்தால் பெரும்பாலும் இதுதான். ஆரம்பத்தில் முதல் பாட்டில் வலித்து, உடம்பு சூடானதும் மறைந்து, ஆடி முடித்தபின் திரும்பி வரும். இந்த இடைவேளைதான் ஆளை ஏமாற்றுகிறது. வலி போய்விட்டது என்று நினைத்து இன்னும் பத்து பாட்டு ஆடிவிடுவார்கள்.

முதல் நாளே வலிக்காமல் மூன்றாவது வாரத்தில் வலிப்பது ஏன்? ஒவ்வொரு மிதிக்கும் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அந்த எலும்பைப் பிடித்திருக்கும் கெண்டைக்கால் தசைகளும் இழுக்கின்றன. பாரம் கூடியது தெரிந்ததும் எலும்பு தன்னைப் பலப்படுத்தத் தொடங்கும். ஆனால் பழைய சுவருக்குப் புதுப் பூச்சு பூசுகிற மாதிரிதான் அந்த வேலை: முதலில் பழையதைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் பூச முடியும். கொத்தும் வேலை சில வாரத்தில் முடிந்துவிடும், பூச்சு காய்ந்து இறுக மாதக்கணக்கில் ஆகும். நடுவில் இருக்கிற வாரங்களில் எலும்பு முன்னைவிடச் சற்று பலவீனமாக இருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நாம் லெவலை ஏற்றுகிறோம்.

அதனால் நிமிடத்தை எண்ணுவதைவிட மிதியை எண்ணுங்கள். ஒரு பாட்டு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். நடுத்தர லெவலில் சுமார் 200 முதல் 300 மிதி வரும், கஷ்டமான லெவலில் 400க்கு மேலும் போகும். பாட்டு முடிந்ததும் திரையில் வரும் பெர்ஃபெக்ட், கிரேட், குட் எண்களைக் கூட்டினால் எத்தனை மிதி என்று தெரிந்துவிடும். இரண்டு காலாலும் சேர்த்துக் குதிக்கும் ஜம்ப் அங்கே ஒன்றாகத்தான் கணக்காகும். காலுக்கு அது ஒன்று இல்லை, இரண்டாகவே எழுதுங்கள். புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், நாளுக்கு 1000 மிதியோடு நிறுத்தலாம். பிறகு வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டலாம். பத்து சதவீதம் ஓட்டக்காரர்களின் குத்துமதிப்புதான், வேதவாக்கு இல்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்குவதைவிட எவ்வளவோ மேல். மிதியைக் கூட்டும் வாரத்தில் லெவலைக் கூட்டாதீர்கள்.

மாலையில் பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். தட்டடவில் பாதத்தைத் தரையில் அறைவதும் இதே எலும்புக்குத்தான் போய்ச் சேருகிறது. ஸ்கிப்பிங், பள்ளி ஓட்டப் பந்தயப் பயிற்சி எல்லாமே அதே கணக்கில் வரும். எது விளையாட்டு, எது வகுப்பு என்று எலும்புக்குத் தெரியாது.

விளையாட்டுக்கு விளையாட்டு பாரமும் மாறும். 1998இல் ஜப்பானின் கொனாமி கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷனில் நாலு அம்பு. அடுத்த ஆண்டு கொரியாவில் வந்த பம்ப் இட் அப்பில் நாலு மூலையும் நடுவும் சேர்த்து ஐந்து. கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெப்மேனியாவில் எந்தப் பேடையும் இணைக்கலாம். இவற்றில் மதிப்பெண் காலுக்குத்தான். ஜஸ்ட் டான்ஸ் அப்படியில்லை. போனையோ ரிமோட்டையோ கையில் பிடித்து ஆடும்போது அது பார்ப்பது கையின் அசைவை மட்டும்தான். திரையில் இருப்பவர் குதிக்கிறார் என்று நீங்களும் குதிக்க வேண்டியதில்லை. காலை மெதுவாக மாற்றி வைத்துக்கொண்டு கையை ஒழுங்காக வீசினாலே ஸ்டார் விழும். கால் வலி உள்ளவர்களுக்கு இது ஒரு நல்ல வழி, ஆனால் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஏமாற்று வேலை என்பார்கள்.

அடுத்தது தரை. நம் பக்கத்து வீடுகளில் மொசைக், கிரானைட், டைல்ஸ், இல்லையென்றால் சிமெண்ட். எதுவும் கொஞ்சம்கூட இழுத்துக்கொடுக்காது. மெல்லிய பேடை அதன்மேல் விரித்து வெறுங்காலில் ஆடுவது கிட்டத்தட்டத் தரையிலேயே ஆடுவதுதான். மெத்தையையோ ஜமுக்காளத்தையோ அடியில் போட்டால் வேறு தொல்லை: பேட் குழிந்து அம்பு பதியாது, பதியவில்லை என்று இன்னும் ஓங்கி மிதிப்போம், கணுக்காலும் ஆடும். செய்ய வேண்டியது இது. இரண்டடிக்கு இரண்டடி இன்டர்லாக் ஃபோம் மேட் நாலு வாங்கி நாலுக்கு நாலு அடியாகக் கோத்துப் போடுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் ஷீட்டைக் கடையிலேயே பாதியாக அறுக்கச் சொன்னால் அதே அளவில் ஒரு பலகை கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கனம் போதும். பலகையை ஃபோம் மேல் வைத்து, பேடின் நாலு ஓரத்தையும் டபுள் சைடு டேப்பால் பலகையில் ஒட்டிவிடுங்கள். பேட் நகராது, அம்பு பதியும், அதிர்ச்சியை ஃபோம் வாங்கிக்கொள்ளும். கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

ஷூ விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்குள் செருப்பு போட்டால் பாட்டி விடமாட்டார். தெருவையே மிதிக்காத ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் வழி. குதிகாலிலும் முன்பாதத்திலும் மெத்தென்று இருக்கும், அடிப்பாகம் தட்டையான சாதாரண ரன்னிங் ஷூ போதும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷூ ஆபீசுக்கு அழகு, ஆடுவதற்கு இல்லை. பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூவில் மெத்தையே கிடையாது. வெறும் சாக்ஸ் வழுக்கும். பாதத்தை நனைத்து சிமெண்ட் தரையில் வைத்துப் பாருங்கள். நடுவில் வளைவே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்தால் தட்டைப் பாதம். அவர்களுக்கு இந்த வலி வரும் வாய்ப்பு அதிகம், வளைவைத் தாங்கும் இன்சோல் ஒன்றை ஷூவுக்குள் போட்டுக்கொள்வது உதவும்.

ஆடும் விதத்தில் ஒரு பழக்கத்தை மாற்றினாலே பாதி பாரம் குறையும். புதியவர்கள் ஒவ்வொரு அம்பை மிதித்ததும் காலை நடுவுக்கு எடுத்து வருவார்கள். தேவையே இல்லை. அம்பின்மேல் நின்றுகொண்டே இருந்தாலும் மிஸ் விழாது, புதிதாக அழுத்துவதைத்தான் மெஷின் எண்ணும். இடது, வலது என்று மாற்றி மாற்றி, இருக்கும் இடத்திலிருந்து அடுத்த அம்புக்குப் போங்கள். முழங்கால் லேசாக மடங்கியே இருக்கட்டும். முன்பாதத்தால் தட்டுங்கள், ஆனால் பாட்டு முழுக்க நுனிக்காலிலேயே நிற்காதீர்கள். அப்படி நின்றால் கெண்டைக்கால் இளைப்பாறவே முடியாது, அது எலும்பை இழுத்துக்கொண்டே இருக்கும். முன்பாதம் பட்டபின் குதிகால் மெல்லத் தரையைத் தொட்டுப் போகட்டும். சத்தத்தைக் கவனியுங்கள்: தொம் தொம் என்று கேட்டால் தேவைக்கு மேல் மிதிக்கிறீர்கள்.

திரையில் அம்பு ஓடும் ஸ்பீடை 2 அல்லது 3 மடங்காக வைத்தால் பாட்டின் வேகம் மாறாது, அம்புகளுக்கு நடுவே இடைவெளி மட்டும் கூடும். படிக்க எளிதானால் பதற்றத்தில் ஓங்கி மிதிப்பது குறையும். ஸ்டெப்மேனியாவில் ஜம்ப்களை நீக்கும் வசதி இருக்கிறது, முதல் மாதம் அதைப் போட்டே ஆடலாம். மாலில் இருக்கும் டான்ஸ் மெஷினில் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டால் உடம்பின் எடையில் கொஞ்சம் கைக்குப் போகும். வீட்டில் அதற்கு நாற்காலியைப் பிடிக்காதீர்கள், சாய்ந்துவிடும்.

வலி வந்துவிட்டால் முதல் மருந்து குதிக்காமல் இருப்பது. இரண்டு வாரமாவது பேடைச் சுருட்டி வையுங்கள், பலருக்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். படுத்தே கிடக்க வேண்டாம். வலிக்காத அளவுக்கு சைக்கிள், நீச்சல், கோட்டை மைதானம் மாதிரி மண் தரையில் நடை எல்லாம் சரி. வேண்டுதல் என்று சோளிங்கரின் 1305 படியை இந்த மாதம் ஏறி இறங்க வேண்டாம், நரசிம்மர் காத்திருப்பார். பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, கட்டியானதும் கப்பின் வாயோரத்தைக் கிழித்துவிட்டு, அந்த ஐஸை வலிக்கும் ஓரத்தில் எட்டு முதல் பத்து நிமிடம் ஓரிடத்தில் நிறுத்தாமல் தேய்க்கலாம், நாளுக்கு மூன்று வேளை. ஐஸ் பேக் என்றால் துணி சுற்றி 15 நிமிடம். வலிக்கும் எலும்பின்மேல் அழுத்தி நீவிவிடுவது வேண்டாம். முதல் சில நாள் வலிக்குப் பாரசிட்டமால் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெங்கு சந்தேகம் உள்ள காய்ச்சல்காரர்களும் ஐபுப்ரூஃபன் பக்கமே போகக் கூடாது. எந்த மாத்திரையையும் போட்டுக்கொண்டு ஆடுவது மட்டும் கூடவே கூடாது. எச்சரிக்கை மணியின் நாக்கைக் கழற்றிவிட்டு நெருப்போடு விளையாடுகிற கதைதான் அது.

நடக்கும்போது வலி நின்றதும் பயிற்சி. சுவரில் கை ஊன்றி, பின்கால் முழங்காலை நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி 30 வினாடி. அதே நிலையில் பின்கால் முழங்காலை மடக்கி இன்னொரு 30 வினாடி. பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் எலும்போரத்தை இழுக்கும் உள்தசைக்குப் போய்ச் சேருவது அதுதான். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. பிறகு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்குவது: இரண்டு காலில் 15 வீதம் மூன்று முறை, வலியில்லாமல் முடிந்தால் ஒற்றைக்காலுக்கு மாறி 20 வரை. ஏறுவதற்கு ஒரு வினாடி, இறங்குவதற்கு மூன்று. முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, விரல்பக்கத்தைத் தூக்கித் தூக்கி இறக்குவது 20. இது எலும்பின் வெளிப்பக்கத் தசைக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும்.

சாப்பாட்டில் நம் பக்கம் கொடுத்து வைத்த ஊர். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். லீவில் நூடுல்ஸுக்குப் பதில் களியோ கூழோ உள்ளே போகட்டும். சாப்பாட்டைக் குறைத்து மெலிவதற்காக ஆடும் பெண் பிள்ளைக்கு மாதவிடாயும் தள்ளிப்போய், கால் எலும்பும் வலித்தால் ஓய்வு மட்டும் போதாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இன்னும் சில அறிகுறிகளில் காத்திருக்கக் கூடாது. ஒற்றை விரல் வைக்கும் இடத்தில் மட்டும் குத்துகிற வலி, ராத்திரி படுத்தபின்னும் வலி, ஒற்றைக்காலில் ஒருமுறை குதித்தாலே சுரீர் என்பது: எலும்பில் விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது சகஜம், எக்ஸ்ரே நார்மல் என்பதற்காக ஆடத் தொடங்காதீர்கள். ஆடும்போது கால் கட்டையாக இறுகிப் பாதம் மரத்துப்போவது வேறு நோய். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. சி.எம்.சி. இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆறு வாரம் தைலம் தேய்ப்பதில் அர்த்தமில்லை.

பேடுக்குத் திரும்புவதற்கு முன் மூன்று சோதனை. அரைமணி நேரம் வேகமாக நடந்து வலி இல்லை, எலும்போரத்தை அழுத்தினால் வலி இல்லை, ஒற்றைக்காலில் பத்து முறை குதித்து வலி இல்லை. மூன்றும் தேறினால் முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், ஜம்ப் இல்லாத எளிய பாட்டு மூன்று. அடுத்த வாரம் ஐந்து. அதற்கடுத்த வாரம் ஐந்தில் ஒன்று மட்டும் பழைய லெவலில். ஆடிய மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது எலும்போரத்தை அழுத்திப் பாருங்கள். வலித்தால் வலி போகும்வரை நிறுத்தி, முந்தைய வாரத்து அளவிலிருந்து தொடங்குங்கள்.