11 லிட்டரில் நின்றுபோன டேங்க்

கடந்த மார்ச் மாதம் குடும்பத்தோடு திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இரவு, புறவழிச்சாலையில் இருந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, டேங்க்கை நிரப்பச் சொன்னேன். ரிசர்வ் விளக்கு அன்று மாலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. என் காரின் டேங்க் கையேட்டின்படி 42 லிட்டர் கொள்ளும். விளக்கு எரியத் தொடங்கும்போது உள்ளே ஏறத்தாழ 7 லிட்டர் மிஞ்சியிருக்கும். ஆகவே 35 லிட்டராவது பிடிக்க வேண்டும். ஆனால் 11 லிட்டர் ஓடியதும் கன் "டக்" என்று கட்டாகிவிட்டது.

"சார், ஃபுல்லாயிருச்சு போல."

"இல்லப்பா, லைட் எரிஞ்சுக்கிட்டே வந்த வண்டி. இன்னும் பாதிகூட ஆகியிருக்காது."

அந்தப் பையன் பொறுமைசாலி. கன்னைச் சற்று வெளியே இழுத்துப் பார்த்தான், திருப்பிப் பிடித்துப் பார்த்தான், விசையை மெல்ல அழுத்திப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் போவதற்குள் மீண்டும் "டக்". நிரப்பு வாய்க்குள் காதை வைத்துக் கேட்டால், எங்கோ ஆழத்தில் "களக், களக்" என்று பெட்ரோல் தயங்கித் தயங்கி இறங்கும் ஓசை வந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. 19 லிட்டரோடு போதும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விளைவாக நள்ளிரவுக்குப் பின் திருச்சியில் ஒருமுறை நிறுத்தி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை எழுப்பாமல், அங்கும் இதே போராட்டத்தை நடத்த வேண்டியதாயிற்று.

இந்தக் கோளாறைப் புரிந்துகொள்ள, கன் எப்படித் தானாகக் கட்டாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். டேங்க் நிறைந்துவிட்டதா இல்லையா என்பது கன்னுக்குத் தெரியாது. அதன் மூக்கின் நுனிக்கருகே சிறு துளை ஒன்று உண்டு. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று உள்ளுக்குள்ளேயே கைப்பிடி வரை செல்கிறது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது உண்டாகும் உறிஞ்சுவிசை அந்தத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோலோ அதன் நுரையோ மேலேறி வந்து துளையை மூடியவுடன் காற்று வரத்து நின்றுவிடும். உறிஞ்சுவிசை முழுவதும் கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வின் மீது திரும்பி அதை இழுக்கும். கையால் அழுத்திய விசையின் பிடி விடுபட்டு, ஓட்டம் நிற்கும். டேங்க்கின் அடியில் இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும், நிரப்பு குழாயில் பெட்ரோல் தேங்கி அந்தத் துளையை நனைத்தால் போதும், கன் கட்டாகிவிடும்.

ஏன் தேங்குகிறது? எங்கள் வீட்டில் அம்மா நல்லெண்ணெயைத் தகர டின்னிலிருந்து பாட்டிலுக்கு மாற்றும்போது, புனலுக்கும் பாட்டில் வாய்க்கும் இடையே ஓர் ஈர்க்குச்சியைச் செருகிவைப்பார். அந்த ஈர்க்குச்சி இல்லாவிட்டால் புனல் வாயோடு ஒட்டி அமர்ந்துகொள்ளும். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றி, எண்ணெய் புனலிலேயே நின்றுவிடும். கார் டேங்க்கிலும் இதுவே நடக்கிறது. 35 லிட்டர் பெட்ரோல் உள்ளே போக வேண்டுமென்றால் 35 லிட்டர் காற்றும் ஆவியும் அதே வேகத்தில் வெளியே வந்தாக வேண்டும். என் வண்டியைப் போன்றவற்றில் அதற்கென்றே, தடித்த நிரப்பு குழாயை ஒட்டி, விரல் பருமனில் இன்னொரு குழாய் டேங்க்கின் மேற்பகுதியிலிருந்து நிரப்பு வாய் வரை வருகிறது. மெக்கானிக்குகள் இதைப் பிரீதர் ஹோஸ் என்பார்கள். அது அடைபட்டால் காற்று பெட்ரோல் வரும் பாதையிலேயே எதிர்த்து ஏறி வர வேண்டும். நான் கேட்ட "களக், களக்" ஓசை அந்தத் தள்ளுமுள்ளுதான்.

இவ்வளவும் எனக்கு அப்போதே தெரிந்திருக்கவில்லை. முதலில் பங்க்கின் மீதுதான் சந்தேகம் எழுந்தது. அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கலனில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. நானும் ஒருநாள் கேட்டேன். முகம் சுளிக்காமல் பிடித்துக் காட்டினார்கள். அளவு சரியாகவே இருந்தது. வேறு இரண்டு பங்க்குகளிலும் வண்டி அதே இடத்தில் திணறியது. ஒரே பங்க்கில் மட்டும் இப்படி நடந்தால் அந்தக் கன்னையோ, அது பாயும் வேகத்தையோ சந்தேகிக்கலாம். எல்லா இடத்திலும் நடந்தால் கோளாறு வண்டியில்தான். மிக மெதுவாக விட்டால் நிற்காமல் ஏறுகிறது, வேகம் கூட்டினால் கட்டாகிறது என்றால், பெரும்பாலும் காற்று வெளியேறும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து திரும்பியதும் வழக்கமான ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஃப்ளோட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃப்ளோட் என்பது பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கி மீட்டருக்குக் கணக்குச் சொல்லும் மிதவை. அது பழுதானால் மீட்டர் முள் தவறாகக் காட்டுமே தவிர, பெட்ரோலை உள்ளே விடாமல் தடுக்காது. 35 லிட்டரும் குறையாமல் ஏறி, முள் மட்டும் பாதியில் நின்றால் ஃப்ளோட்டைக் குற்றம் சொல்லலாம். இங்கோ ரசீதில் உள்ள லிட்டரே குறைவு. டேங்க் நிரம்பாத கோளாறையும் மீட்டர் நிரம்பியதாகக் காட்டாத கோளாறையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, தேவையற்ற உதிரிபாகத்துக்குப் பணம் கொடுப்பவர்கள் ஏராளம். ரசீதையும் முள்ளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டையும் ஒரு நிமிடத்தில் பிரித்துவிடலாம்.

பிறகு பாளையங்கோட்டையில் முப்பது வருடமாகத் தனியாகத் தொழில் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வண்டியைத் தொடாமலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: "டேங்க்க யாராவது எறக்குனாங்களா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி, பம்ப் மாத்துனப்ப எறக்குனாங்க."

"எப்போ?"

அதற்கு விடை டேஷ்போர்டில் இருந்தது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. டேங்க்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்பும் அந்தப் பம்ப்பை மாற்றியது முந்தைய ஆண்டு அக்டோபரில். அதற்கு முன் டேங்க்கை நிரப்பிய பதிவுகள் 34, 33.5, 35 என்று இருந்தன. அதற்குப் பின் பெரும்பாலும் 1000 ரூபாய்க்குப் போட்டிருந்தேன். அது ஏறக்குறைய 10 லிட்டர், ஆகவே கோளாறு தலைகாட்ட வாய்ப்பே இல்லை. டிசம்பரிலும் பொங்கலுக்கு முந்தைய நாளும் மட்டும் நிரப்பச் சொல்லியிருந்தேன்: 10.8, 11.3. கன் நின்றதும் நிறைந்துவிட்டது என்று நம்பிக் காசைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐந்து மாதமாக நோட்டு சொல்லிக்கொண்டிருந்ததை நான் படிக்கவே இல்லை.

அண்ணாச்சி இடப்பக்கப் பின்சக்கரத்தைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் அகற்றினார். காய்ந்த சேறு பொலபொலவென்று கொட்டியது. இரண்டு குழாய்களும் தெரிந்தன. தடித்தது நன்றாக இருந்தது. மெல்லியதை விரலால் தடவிக்கொண்டே மேலே போனவர், டேங்க்கின் மேல்விளிம்பு காரின் தரைத் தகட்டைத் தொடும் இடத்தில் கையை நிறுத்தி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கொடியில் மடித்துப் போட்ட ஈரத்துண்டைப் போல அந்த ஹோஸ் அங்கே தட்டையாக மடிந்து கிடந்தது. டேங்க்கைத் திரும்ப ஏற்றியபோது ஹோஸைக் கையால் ஒதுக்கிவிடாமல் போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். பழைய ரப்பராதலால் மடிந்தது மடிந்தபடியே இறுகிவிட்டது. சைக்கிள் பம்ப்பை வைத்து மெல்ல அடித்துப் பார்த்தார். காற்று ஏறவே இல்லை. (இதை வாயால் ஊதிப் பார்ப்பவர்கள் உண்டு. பெட்ரோல் ஆவி நுரையீரலுக்குள் போகும், தயவுசெய்து செய்யாதீர்கள். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும் நாளில், திறந்தவெளியில், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் இந்த வேலையைத் தொட வேண்டும்.)

புது ஹோஸ், இரண்டு கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய் ஆயிற்று. ஹோஸ் பெட்ரோலுக்கென்று செய்யப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதில் அண்ணாச்சி கறாராக இருந்தார். தண்ணீர்க் குழாயை வெட்டிப் போட்டால் பெட்ரோல் ஆவியில் அது சீக்கிரமே கெட்டுப்போய், ஆவி கசியத் தொடங்கிவிடும்.

டெக்சாஸில் இருக்கும் என் தம்பியிடம் இதைச் சொன்னபோது, தன் வண்டியிலும் இதே தொல்லை வந்ததாகவும், காரணம் வேறு என்றும் சொன்னான். அமெரிக்காவில் 1998 மாடல் முதல் படிப்படியாகக் கார்களில் வந்த ஏற்பாட்டின்படி, நிரப்பும்போது வெளியேறும் ஆவி வெளிக்காற்றில் கலக்காமல் கரித்தூள் நிரம்பிய கேனிஸ்டருக்குள் செல்கிறது. கரி ஆவியைப் பிடித்துவைத்துக்கொள்ள, காற்று மட்டும் வெளியேறும். அவன் வண்டியில் அந்தக் காற்று வெளியேறும் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. நம்ப முடியாத செய்தி அல்ல: 2011 இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 மாஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, இதே ஆவிக் குழாயில் ஒருவகை மஞ்சள் சிலந்தி வலை பின்னியதுதான்.

கேனிஸ்டர் நம் ஊர்க் கார்களிலும் உண்டு. அதைக் கெடுப்பது பெரும்பாலும் குளவியல்ல, நாமேதான். கன் கட்டான பிறகும் "ரவுண்டா போட்டுருங்க" என்று சொல்லி வாய் வரை நிரப்பும் வழக்கத்தைத்தான் சொல்கிறேன். டேங்க்கின் மேலே கொஞ்சம் காலி இடம் விட்டே வடிவமைக்கிறார்கள். நிலத்தடியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோல் 40 லிட்டர், நம் வெயிலில் 15 டிகிரி சூடேறினால் அரை லிட்டருக்கும் சற்று அதிகமாக விரியும். அந்த இடத்தையும் நிரப்பிவிட்டால், ஆவி மட்டுமே போக வேண்டிய பாதையில் பெட்ரோலே திரவமாக ஏறிக் கேனிஸ்டரை நனைக்கும். நனைந்த கரி அதன் வேலையைச் செய்யாது. சில வண்டிகளில் அது உதிர்ந்து, குழாயையும் வால்வையும் அடைத்துவிடும். மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்ற ஓசை வழக்கத்தைவிட பலமாகக் கேட்டால், கேனிஸ்டரையும் அதன் வால்வையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த மறுவாரம் விளக்கு எரிந்ததும் அதே புறவழிச்சாலை பங்க்குக்குப் போனேன். அதே பையன்தான் நின்றான். வண்டியைப் பார்த்ததும் தயங்கினான். விசையை முழுதாக அழுத்தச் சொன்னேன். 11 கடந்தது, 19 கடந்தது, 30 கடந்தது. கன் கட்டானதும் அவன் திரும்பி, "ரவுண்டா போடவா சார்?" என்றான். போதும் என்று சொல்லிவிட்டு, நோட்டை எடுத்து 34.2 என்று எழுதினேன்.