‘வான்’ என்றால் பிரபு என்று நினைத்திருந்தோம்

மெல்பேர்னில் பெரியம்மா வீட்டு வரவேற்பறையில் ஒரு குலச்சின்னம் தொங்குகிறது. சிங்கம், பாய்மரக் கப்பல், கீழே லத்தீனில் ஒரு வரி. குடும்பப் பெயரைச் சொன்னால் சின்னம் அச்சடித்துத் தருகிற கடையொன்றில் காசு கொடுத்து வாங்கியது. அது பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் வருகிறவர்களிடம், “எங்கட அம்மான்ர ஆக்கள் ஒல்லாந்தர் காலத்துப் பெரிய ஆக்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார்.

என் அம்மம்மா பறங்கிப் பெண், இலங்கைக்கு வந்த ஐரோப்பியரின் வழிவந்தவர். யாழ்ப்பாணத்துத் தமிழரான அம்மப்பாவைக் கட்டியதால் அவருடைய பக்கத்து உறவு பாதி அறுந்தே போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு தட்டச்சுத் தாள். அம்மம்மாவின் தமையன் தயாரித்த கொடிவழி. உச்சியில், ஆம்ஸ்டர்டாமில் இருந்து கப்பலேறி வந்த ஒருவரின் பெயர். அவருக்குப் பக்கத்தில் மனைவியின் பெயர்: ‘டொமிங்கா வான் நாகபட்னம்’. அதன் கீழே ஆறு தலைமுறை ஆண்கள். பெரியம்மா அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பி, “பிள்ளை, இது சரியோ எண்டு ஒருக்காப் பார்” என்றார். ஒரு கிழமை வேலை என்று நினைத்துச் சம்மதித்தேன். இரண்டு வருடம் போய்விட்டது.

குடும்பப் பெயரை இங்கே எழுதவில்லை. உறவினர் பலர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் இது இனிக்காது. யான்ஸ், பீட்டர்ஸ் போல தகப்பன் பெயரோடு ‘மகன்’ என்பதன் சுருக்கம் ஒட்டிய பெயர் என்பது போதும்.

கீழிருந்து மேலே போவது சுலபமாகத்தான் இருந்தது. பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்கள் அம்மம்மாவின் பாட்டன் வரை கொண்டுபோய் விட்டன. அதற்கு மேல் தேவாலயப் பதிவேடுதான். கொழும்பு வுல்பெண்டல் தேவாலயம் 1757-இல் கட்டி முடிந்தது. ஆனால் கொழும்பு ஒல்லாந்த சீர்திருத்த சபையின் ஏடுகள் 1677 தொட்டே இருக்கின்றன. அவற்றின் படங்கள் ஃபமிலிசேர்ச் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் கிடைக்கின்றன. வீட்டில் இருந்தபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டலாம். புரட்டுவது சுலபம், வாசிப்பதுதான் பாடு. அந்தக் காலத்து மையில் இரும்புச் சத்து உண்டு. ஈரப்பதமான ஊரில் அது காகிதத்தை மெதுவாக அரித்துத் தின்றுவிடும். அழுத்தி எழுதிய எழுத்து இருந்த இடத்தில் அதே வடிவில் ஓட்டை இருக்கும்.

முதலில் ஒரு மாதத்தைத் தோம்பில் வீணாக்கினேன். யாழ்ப்பாணத்தாருக்குப் பழைய விஷயம் என்றாலே தோம்புதான் ஞாபகம் வரும். தோம்பு என்பது காணியையும் அதை ஆண்ட குடும்பங்களையும் பதிந்த ஏடு. மாதச் சம்பளத்துக்குத் துவக்குத் தூக்க வந்தவன் அதில் ஏன் இருக்கப்போகிறான்? பள்ளிக்கூடத் தோம்புகளும் அப்படித்தான், அவை ஊர்க் கிறிஸ்தவர்களுடையவை. இது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால் கண்ணாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்த பிழை இதைவிடப் பெரிது. ஞானஸ்நான ஏட்டில் எங்கள் ஆளின் பெயர் தகப்பனாக வரும் பதிவுகளை எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு பிள்ளைக்கு டிசெம்பரில் ஞானஸ்நானம். அடுத்த பிள்ளைக்கு மறுவருடம் ‘8பெர்’. எட்டு என்றால் ஓகஸ்ட் என்று குறித்துக்கொண்டேன். டிசெம்பருக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் எட்டு மாதம்தான். அந்தக் காலத்தில் பிறந்த சில நாட்களில் ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஒரே தாய்க்கு இந்த இரண்டு பிள்ளைகளும் இருக்க முடியாது, ஒரே பெயரில் இரண்டு தகப்பன்மார் என்று முடிவுகட்டி, தாளில் இரண்டு குடும்பங்களாகப் பிரித்துப்போட்டேன். மூன்று மாதம் இல்லாத ஒரு மனிதனைத் தேடினேன்.

காப்பாற்றியவர்கள் சாட்சிகள். ஒவ்வொரு ஞானஸ்நானத்தின் கீழும் சாட்சிகளின் பெயர் எழுதுவார்கள். நான் அதுவரை அந்த வரியைப் பார்க்கவே இல்லை. பார்த்தால், இரண்டு குடும்பத்துக்கும் ஒரே பெண் சாட்சி. அப்புறம்தான் விஷயம் விளங்கியது. லத்தீனில் ‘ஒக்டோ’ என்றால் எட்டு. ‘8பெர்’ என்று எழுதி ‘ஒக்டோபர்’ என்று வாசிக்க வேண்டும். 7பெர் செப்டெம்பர், 9பெர் நவெம்பர். எழுதுவினைஞர் தன் கையை மிச்சப்படுத்தியிருக்கிறார். டிசெம்பரில் இருந்து ஒக்டோபர், பத்து மாதம். ஒரே குடும்பம். இந்த வேலையில் இறங்குகிற யாரும் என்னிடம் ஒரு புத்தி கேட்டால், தகப்பன் பெயரை விடுங்கள், சாட்சியின் பெயரை முதலில் எழுதுங்கள் என்பேன்.

சரி, ஆள் ஒருவர்தான். ஆனால் எங்கே இருந்து வந்தவர்?

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் சம்பளப் புத்தகங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பலேறியவர்களின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், சேர்ந்த நாள், விலகிய நாள், ஏன் விலகினார். செத்தார், திரும்பினார், காணாமல் போனார் என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஒரு சிப்பாய்க்கு மாதம் 9 கில்டர் சம்பளம், ஐந்து வருட ஒப்பந்தம்.

எங்கள் பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் போட்டுப் பார்த்ததில், காலத்துக்குப் பொருந்தி மூன்று பேர் மிஞ்சினார்கள். ஒருவர் நன்னம்பிக்கை முனையைத் தொடும் முன்பே கடலில் இறந்துவிட்டார். இரண்டாமவர் ஆம்ஸ்டர்டாம்காரர். மூன்றாமவர் ஜெர்மனிப் பக்கத்து எம்டனைச் சேர்ந்தவர். கம்பனிக்கு வந்த சிப்பாய்களில் ஜெர்மன் ஊர்க்காரர் ஏராளம், அதனால் அது அதிசயமில்லை. பெரியம்மாவிடம் சொன்னபோது, “எம்டனோ? ஆள் எம்டன்தான் போல” என்று சிரித்தார். ஆனால் முகம் சுருங்கியது காணொளியில் தெரிந்தது. தாளில் ஆம்ஸ்டர்டாம் என்றல்லவா இருக்கிறது?

அந்த ஆம்ஸ்டர்டாம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கம்பனிக்கு ஆறு கிளைகள். அதில் பெரியது ஆம்ஸ்டர்டாம் கிளை. சம்பளப் புத்தகத்தில் எந்தக் கிளை ஆளை எடுத்தது என்றும் இருக்கும். மூன்று பேருமே அந்தக் கிளையின் கப்பல்களில்தான் வந்தார்கள். தாளைத் தயாரித்த அம்மம்மாவின் தமையன் எங்கேயோ ‘ஆம்ஸ்டர்டாம் கிளை’ என்று கண்டதை ‘ஆம்ஸ்டர்டாம்காரர்’ என்று தட்டச்சு செய்திருக்கலாம். ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியத்தில் சேருவதென்றால், தகப்பன் வழி அறுபடாமல் கம்பனிக் காலத்து ஐரோப்பியர் ஒருவரிடம் போய் முட்ட வேண்டும். அதற்காகத் தேடுகிறவருக்கு ஒரு ஊர்ப்பெயர் கிடைத்தால் போதும், நின்றுவிடத்தான் மனம் வரும்.

திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் ஊர் இருக்கும் என்று நம்பிப் போனேன். இருந்தது. ‘இன்ன ஊர்’ என்று எழுதிய சொல்லில் முதல் எழுத்து ஓட்டையாகிவிட்டது. அடுத்து ஒரு ‘எம்’. அதற்குப் பிறகு பழுப்புக் கறை. எம்டனுக்கும் இரண்டாவது எழுத்து ‘எம்’. ஆம்ஸ்டர்டாமுக்கும் இரண்டாவது எழுத்து ‘எம்’. படத்தைப் பெரிதாக்கி, நிறம் மாற்றி, தலைகீழாக்கி, எல்லாம் பார்த்தாயிற்று. பாழாய்ப்போன மை.

ஆம்ஸ்டர்டாம்காரரின் பதிவில் இன்னொன்றும் இருந்தது. ‘மாதக் கடிதம்: உண்டு’. கப்பலேறுகிறவர் வருடத்தில் மூன்று மாதச் சம்பளம் வரை ஊரில் உள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ போய்ச்சேர எழுதிக்கொடுக்கலாம். அதற்கான கடிதம் அது. யாருக்கு என்று இந்தப் பட்டியலில் இல்லை. அவர் ஊர் திரும்பிய வருடமும் எங்கள் கடைசிப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற வருடமும் ஒன்றுதான். எம்டன்காரருக்கு மாதக் கடிதம் இல்லை. அவர் ஆசியாவிலேயே இறந்தார். இதைச் சொல்லி முடித்ததும் பெரியம்மா உடனே கட்சி மாறிவிட்டார். “அப்ப எம்டனே எழுது. பிள்ளையளை விட்டிட்டுப் போன ஆள் எங்களுக்கு வேண்டாம்.” அப்படி எழுத முடியாதென்று விளங்கவைக்க அரை மணித்தியாலம் ஆயிற்று. எம்டன்காரரே என்றாலும் அதற்கு மேல் போவது கடினம். அந்தப் பக்கத்தில் தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். 1811-இல் நெப்போலியன் ஆட்சி நிலையான குடும்பப் பெயர் வை என்று சட்டம் போடும் வரை அதுதான் வழக்கம். இவருடைய தகப்பனுக்கு இவர் பெயரே இருந்திராது.

இவ்வளவு குழப்பத்திலும் ஒரு ஆள் மட்டும் அசையவில்லை. டொமிங்கா. எல்லாப் பிள்ளைகளின் ஞானஸ்நானத்திலும், திருமணத்திலும், அதே பெயர், அதே ஊர். தகப்பன் பெயரிலேயே கண்ணாக இருந்ததால்தான் முதலில் கவனிக்கவில்லை. ‘வான்’ என்று இருப்பதால் அவர் பிரபு குடும்பம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. ஒல்லாந்த மொழியில் அதற்கு ‘இன்ன ஊர்’ என்பதற்கு மேல் பொருள் கிடையாது. நாகபட்டினத்து டொமிங்கா, அவ்வளவுதான். இப்போது காங்கேசன்துறையிலிருந்து கப்பல் ஓடுகிற அதே நாகபட்டினம். 1690 முதல் 1781 வரை சோழமண்டலக் கரையில் கம்பனியின் தலைமையிடம்.

தகப்பன் பெயரும் இல்லாமல், குடும்பப் பெயரும் இல்லாமல், ஞானஸ்நானப் பெயரும் ஊரும் மட்டும் எழுதுவது பெரும்பாலும் அடிமைகளுக்கும், விடுதலை பெற்றவர்களுக்கும்தான். அந்தக் கரையிலிருந்து பஞ்ச காலங்களில் கப்பல் கப்பலாக ஆட்களை வாங்கி இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கொழும்பில் கம்பனியின் அடிமைகள் இரவில் அடைக்கப்பட்ட இடத்தைத் தமிழில் நாம் கொம்பனித்தெரு என்கிறோம். ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்றே வெளிப்படையாகப் பெயர் இருந்தது. டொமிங்கா அடிமையாக வந்தவரா, சுதந்திரமாக வந்தவரா என்று அந்த ஏடு சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் சாட்சியாக நின்ற பெண்ணும் ‘வான் நாகபட்னம்’தான். அக்கா தங்கையா, ஒரே கப்பலில் வந்தவர்களா?

கொழும்புத் தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒல்லாந்தர் தொகுதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. விடுதலைப் பத்திரம் ஏதும் அங்கே அகப்படுமா என்று இப்போது தேடுகிறேன். சென்னை எழும்பூரிலும் ஒல்லாந்தத் தொகுதிகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கொச்சிப் பக்கத்தவை.

போன மாதம் புதிய தாளைப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். உச்சியில் டொமிங்கா. பக்கத்தில் பென்சிலால் இரண்டு ஆண்களின் ஊர், இரண்டுக்கும் கேள்விக்குறி. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“அப்ப நாங்கள் நாகபட்டினத்து ஆக்களே?”

“ஓம், ஒரு பக்கம்.”

“உன்ர அம்மப்பாவுக்கு முதலே தமிழ் வந்திட்டுது போல.” பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தார். “இந்தச் சிங்கத்தை மட்டும் கழட்டச் சொல்லாதை பிள்ளை. அதுக்குப் பின்னால சுவர் வெடிச்சுப்போய்க் கிடக்கு.”