சபை அழைத்த போதகர்

கிறிஸ்தவ மாத இதழ் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தபோது, ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த்தைப் பற்றிய கட்டுரை ஒன்று கைக்கு வந்தது. அமெரிக்காவில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில் பெத்தேல் பாப்திஸ்து சபையின் போதகராக இருந்தவர். 1953இல் அவரை அங்கே 'நியமித்தார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்புப் பார்த்த ஐயா அந்தச் சொல்லைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். அவர் பாப்திஸ்து சபையில் வளர்ந்தவர். "தம்பி, எங்க சபையில மேலிருந்து யாரும் நியமிக்க மாட்டாங்க. சபையே கூடி முடிவெடுத்து அழைக்கும்" என்றார்.

ஒரு சொல்தானே என்று திருத்திவிட்டேன். வேலை நகர நகரத்தான் அதன் கனம் புரிந்தது. அன்றைய பர்மிங்ஹாமில் கறுப்பின ஆசிரியரோ ஆலைத் தொழிலாளியோ உரிமை என்று வாய் திறந்தால் வேலைக்கே ஆபத்து. இந்தப் போதகருக்கு மேலே பிஷப் இல்லை, இடமாற்ற உத்தரவு இல்லை. சம்பளம் சபையார் போடும் காணிக்கை. 1956இல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்கு அலபாமா அரசு தடை வாங்கிய சில நாட்களிலேயே, மனித உரிமைகளுக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கத்தை அவரால் தொடங்க முடிந்தது அதனால்தான். திங்கட்கிழமை இரவுகளில் ஆலயங்களில் கூடுவார்கள். ஜெபம், பாட்டு, பிரசங்கம், அப்புறம் அடுத்த போராட்டத்துக்கான பேச்சு.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் இரவில், அவர் படுத்திருந்த வீட்டுக்கு டைனமைட் வைத்தார்கள். வீடு சிதைந்தது. அவர் மெத்தையோடு கீழே கிடந்தார், பெரிய காயம் இல்லை. ஊரை விட்டுப் போய்விடச் சொன்ன போலீஸ்காரரிடம், ஓடிப்போவதற்காகத் தேவன் தன்னைக் காப்பாற்றவில்லை என்றார். மறுநாளே சபையாரோடு பேருந்தில் ஏறி, வெள்ளையருக்கு ஒதுக்கிய இருக்கைகளில் உட்கார்ந்தார்கள். இந்தப் பத்தியை மொழிபெயர்த்த அன்று வேறு எதிலும் எனக்கு மனம் ஓடவில்லை.

1961இல் சின்சினாட்டியில் ஒரு சபை அழைத்தது, போனார். பர்மிங்ஹாமை விட்டுவிடவில்லை. 1963 போராட்டத்துக்கு மார்ட்டின் லூதர் கிங்கை அங்கே அழைத்தவர்களில் முதன்மையானவர் அவர்தான்.

கடைசிவரை என்னைத் திணறடித்தது ஒரே ஒரு வாக்கியம். 1957இல் தன் மகள்களை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது ஒரு கும்பல் அவரைச் சங்கிலியால் அடித்தது, மனைவிக்குக் கத்திக்குத்து. தலையில் உள்காயம் இல்லையே என்று வியந்த மருத்துவரிடம் அவர் சொன்ன பதில் அது. ஊருக்கும் தலைக்கும் அவர் ஒரே சொல்லைப் போட்டிருந்தார். 'கடினமான ஊர், கடினமான தலை' என்று எழுதினால் உயிரே இல்லை. நாலைந்து முறை அடித்து எழுதி இப்படி நின்றது: 'முரட்டு ஊரில் இருப்பவன் என்று ஆண்டவருக்குத் தெரியும் டாக்டர், அதனால்தான் கெட்டி மண்டையாகக் கொடுத்திருக்கிறார்.'

போதகர் வாயில் 'மண்டை' வரலாமா என்று ஐயாவிடம் கேட்டேன்.

"அடி வாங்கினவரு சொல்றாரு தம்பி. மண்டைன்னே போடு."