நாலாற்று நாட்டுச் சாமிகள்: இதுவரை வந்த வேலை

நாலாற்று நாடு என்று ஒரு கற்பனை உலகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது நாவலாக முடியுமா, நண்பர்களோடு உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டாகுமா என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த உலகத்துக்குச் சாமிகள் வேண்டும். அந்த வேலை எந்த அளவில் நிற்கிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இடிக்கு ஒருவர், போருக்கு ஒருவர், காதலுக்கு ஒருவர் என்று மந்திரிசபை மாதிரி இலாகா பிரித்துக் கொடுப்பதுதான் இதில் வழக்கமான முறை. எனக்கு அது ஒத்துவரவில்லை. எங்கள் பக்கத்துச் சாமிகள் அப்படி உட்காருவதில்லை. ஐயனார் எதற்கான சாமி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ஊரே எல்லைப் பக்கம் கை காட்டும். தொல்காப்பியமும் முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்துக்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் என்று நிலத்தை வைத்துத்தான் தெய்வத்தைச் சொல்கிறது. அதனால் நானும் இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். ஒவ்வொரு சாமியிடமும் மூன்று கேள்வி. உன் இடம் எது? ஜனங்களிடம் என்ன வாங்கிக்கொள்கிறாய்? யாரோடு உனக்குப் பேச்சுவார்த்தை இல்லை? மூன்றுக்கும் பதில் வராத சாமியை நோட்டில் ஏற்றுவதில்லை.

மூன்றாவது கேள்விதான் அதிகம் விளைச்சல் கொடுத்தது. எங்கள் பக்கத்து ஐயனார் கோயில்களில் ஐயனாருக்குச் சைவப் படையல்தான். அவருக்குக் காவலாக நிற்கும் கருப்பருக்கும் வீரனுக்கும் கிடா வெட்டும்போது ஐயனார் சந்நிதியில் திரை போட்டுவிடுவார்கள். அந்த ஒரு துணியில் எத்தனை விஷயம் இருக்கிறது! யார் பெரியவர், யாருக்கு எது ஆகாது, ஆகாதவர்கள் ஒரே வளாகத்தில் எப்படிச் சேர்ந்து இருக்கிறார்கள் என்பதெல்லாம் ஒரு திரையில் அடங்கிவிடுகிறது. என் உலகத்துக் கோயில்களிலும் எங்கெங்கே திரை விழும் என்று முதலில் குறித்துவிட்டுத்தான் சாமிக்குப் பெயரே வைத்தேன்.

தலைக்குடும்பம் கல்லணையிலிருந்து வந்தது. அங்கே நின்று பார்த்தால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிவது தெரியும். என் கதையில் முதுநீராள் என்ற தாய்க்கு நாலு பிள்ளைகள். நடையாளும் வெண்மடையாளும் வயலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குப் பூ, மஞ்சள், சித்திரான்னம் எல்லாம் உண்டு. அவர்களைப் பற்றி எழுதுவது சுலபம், அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மூத்தவன் பேரேந்தி அப்படியில்லை. கொள்ளிடத்தைப் பார்த்துத்தான் அவனை எழுதினேன். வெள்ளம் மிஞ்சும்போது அதை ஏற்றுக் கடலில் கொண்டு சேர்ப்பது அவன் வேலை. அவன் வாங்கிக்கொள்வதால்தான் தங்கைகளின் கரை உடையாமல் நிற்கிறது. ஆனால் அவன் வந்து விளைந்த வயல் இல்லை. அதனால் யாரும் அவனை “வா” என்று கும்பிடுவதில்லை. “எடுத்துக்கொண்டு போ” என்றுதான் கும்பிடுவார்கள். அவனுக்குப் படையல் நிறைந்த குடம். கரையில் நின்று கவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டும். நாலு பேரில் எனக்கு மிகவும் பிடித்தவன் இவன்தான்.

கடைசிப் பிள்ளை புதுக்காலன். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக மனிதர்கள் வெட்டியது. அணையும் அதுவும் 1934இல் பயன்பாட்டுக்கு வந்தன. அதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி கிடைத்தது. மண்வெட்டியால் பிறந்த ஒருவன் சாமியாக முடியுமா? நாலாற்று நாட்டில் இது தீராத வழக்கு. மற்ற மூவரின் பூசாரிகள் அவன் பெயரைப் பாட்டில் சேர்ப்பதில்லை. வெட்டியவர்களின் வம்சமோ வேறு எந்தச் சாமியையும் கும்பிடுவதில்லை. அவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் மண்வெட்டியைக் கழுவிப் பொட்டு வைத்துத் தொட்டில் பக்கத்தில் சாய்த்து வைப்பார்கள்.

அப்புறம்தான் நான் அதிக நேரம் செலவழித்த இடம் வந்தது, கடைமடை. நான் இருப்பது திருத்துறைப்பூண்டிப் பக்கம். ஆறுகள் சிறுத்து, கடலோடு கலக்கப்போகும் பகுதி. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டுவதற்குள் தலைமடைக்காரர்கள் நாற்றங்கால் வேலையை ஆரம்பித்திருப்பார்கள். இங்கே இரண்டு சாமிகளை வைத்தேன்: வண்டலாயி, உப்பன். ஒருத்தி நிலத்தை நீட்டிக்கொண்டு வருவாள், ஒருவன் அதை அரித்துக்கொண்டு வருவான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு மூத்த பெண் தன் வயல் சேற்றில் ஒரு கை அள்ளிப்போய், உவர் தொடங்கும் இடத்தில் வைத்து, “உன் வீடு அதுவரைக்கும்தான்” என்று உரக்கச் சொல்ல வேண்டும். அந்தச் சேற்றுமேடு எவ்வளவு உயரமோ அவ்வளவு காலம் உப்பன் உள்ளே வரமாட்டான்.

இந்தக் கதைக்கு அடியில் நிஜம் இருக்கிறது. அணை கட்டினால் தண்ணீரோடு வரும் வண்டலும் அணைக்குப் பின்னால் தங்கிவிடும். மேட்டூரிலும் அப்படித் தங்குகிறது. கடலோரத்துக்கு வந்து சேரும் வண்டல் குறைகிறது. வரும் நன்னீரும் குறையும்போது கடல் நீர் ஆற்று முகத்திலும் நிலத்தடியிலும் உள்ளே ஏறுகிறது. என் உலகத்தில் ஒரு ராஜா தண்ணீரைச் சேமிக்க மலையடிவாரத்தில் சுவர் எழுப்புகிறான். நல்ல எண்ணம்தான், நாடும் வாழ்கிறது. ஆனால் வண்டலாயி சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடுகிறாள். கடைமடைப் பெண் அள்ளும் சேறு வருஷத்துக்கு வருஷம் மெலிகிறது. யாரையும் கெட்டவனாக்காமல் ஒரு பேரழிவைக் கொண்டுவர முடிந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

வண்டலாயியைக் கையாலும் செய்து பார்த்தேன். ஆற்றோரக் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து பிசைந்து, முழங்கை உயரத்துக்கு ஓர் உருவம். நிழலில் காய வைத்தேன். காயக் காய நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு வெடிப்பு ஓடியது, கோடையில் வயல் வெடிக்கிற அதே வாகு. ஈரக்கையால் தடவினால் மூடிக்கொள்கிறது, விட்டால் மறுபடி திறக்கிறது. அதைப் பார்த்ததும் இவளைச் சூளையில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஐயனார் குதிரையைச் சுடலாம், அது காலத்துக்கும் நிற்க வேண்டியது. இவள் கரைய வேண்டியவள். அதனால் நாலாற்று நாட்டில் வண்டலாயிக்கு நிலையான சிலை கிடையாது. தண்ணீர் வரும் நாளில் பழைய உருவத்தை வாய்க்காலில் கரைத்துவிட்டு, வடிந்த சேற்றில் புது உருவம் பிடிப்பார்கள்.

இருவருக்கும் இடையில் யாராவது வேண்டுமே என்று தேடியபோது முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கை கொடுத்தது. அலையாத்தி மரம் சேற்றில்தான் நிற்கும், உப்பு நீரைத்தான் குடிக்கும். மூச்சு விட வேரைச் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டி வைத்திருக்கும். மிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். இதைவிடப் பொருத்தமான பிள்ளை வண்டலாயிக்கும் உப்பனுக்கும் கிடைக்காது. பெயர் அலையாத்தாள். பேச்சுவார்த்தை இல்லாத தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் சேதி கொண்டுபோகிறவள். கடைமடையில் சொத்துத் தகராறு வந்தால் அவள் இலையை நாக்கில் வைத்துக்கொண்டுதான் சாட்சி சொல்ல வேண்டும்.

வானத்துச் சாமிகளை நாலு வரியில் முடித்துவிட்டேன். மழை, சூரியன், நிலா எல்லாம் இருக்கின்றன. இந்த ஜனங்களுக்கு மேலே பார்ப்பதைவிட மேற்கே பார்ப்பதுதான் வேலை, தண்ணீர் வருவது அந்தப் பக்கத்திலிருந்து.

இப்போது கையில் இருப்பவன் ஆழத்தான், நிலத்துக்கு அடியில் இருக்கும் நீரின் சாமி. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் ஆடிப்பெருக்கை ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கொண்டாடியதுண்டு. காதோலை கருகமணியும் இருந்தது, பிள்ளைகள் இழுத்துவந்த சப்பரமும் இருந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. அதைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். ஆழத்தானுக்குப் பருவம் கிடையாது, முறை கிடையாது, தலைமடை கடைமடை கிடையாது. தோண்டியவனுக்குத் தருவான். ஆனால் அவன் மேலே ஏறிவர ஏற, அவன் காலியாக்கிய இடத்தில் உப்பன் வந்து உட்காருவான். முதுநீராளின் நீராட்டு விழாவுக்கு ஆழத்தான் தண்ணீரைக் கடைமடைக்காரர்கள் குடத்தில் கொண்டுவருகிறார்கள். நடையாளின் பூசாரிகள் திரையை இழுத்து மூடுகிறார்கள். புதுக்காலனின் ஆட்கள் மட்டும் குடத்துக்குத் தோள் கொடுக்கிறார்கள். முதல் அத்தியாயத்தை இந்த இடத்திலிருந்து தொடங்கப்போகிறேன். அதற்கு முன்னால் ஆழத்தானுக்கு என்ன படைப்பது என்பது மட்டும் முடிவாக வேண்டும்.