விஷமூங்கில் கிழங்கும் ஐஸ்கிரீம் டப்பாக்களும்

பினாங்கில் தெலுக் பஹாங் கடலோரத்தில், வீடு கட்ட மண் கொட்டத் தொடங்கியிருந்த ஒரு மனையின் ஓரமாக ஐந்து விஷமூங்கில் புதர்கள் நின்றன. மலாய்க்காரர்கள் பாக்கோங் என்று அழைக்கும் இந்தக் கிழங்குச் செடி உலக அளவில் அருகிவிடவில்லை. சாலையோரப் பூங்காக்களில்கூட வரிசையாக நட்டிருக்கிறார்கள். ஆனால், கடல் தானே கொண்டுவந்து ஒதுக்கி முளைத்த செடிகள் நான் நடக்கும் கரைகளில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததால், மனைக்காரரிடம் அனுமதி கேட்டு இவற்றையாவது காப்பாற்ற முனைந்தேன்.

முதலில் செய்தது தவறு. வெங்காயம்போல் மேலாக இருக்கும் என்று எண்ணிய கிழங்கு, நீண்ட கழுத்தோடு முழங்கை ஆழத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. ஒன்றைத் தோண்டவே காலைப்பொழுது கழிந்தது. சாறு பட்ட கை மாலைவரை அரித்தது. அதை நெடுக்காக அரிந்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு செதில்களும் அவற்றைப் பிடித்திருக்கும் அடித்தட்டின் ஒரு கீற்றும் இருக்குமாறு பிரித்து, பூஞ்சைக்கொல்லியில் நனைத்து, ஈரத்தைப் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளை நனைத்து, அதோடு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தேன். இரண்டு மூன்று மாதங்களில் செதில்களுக்கிடையே குட்டிக் கிழங்குகள் வந்திருக்க வேண்டும். வந்தது கொழகொழவென்ற அழுகல்தான். கத்தியைத் துண்டுக்குத் துண்டு ஸ்பிரிட்டில் துடைக்காத என் அவசரமே காரணம் என்று நினைக்கிறேன். பையைத் திறந்தபோது எதிர்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன தம்பி, வெங்காய ஊறுகாயா?” என்றார்.

பலித்திருந்தாலும் அவை அனைத்தும் ஒரே தாயின் நகல்களாகவே இருந்திருக்கும். ஒரு நோய் வந்தால் ஒன்றாகவே போகும். எனவே ஐந்து புதர்களிலும் காய் முற்றும்வரை காத்திருந்து 31 விதைகள் எடுத்து, புதருக்கு ஒன்றாக ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் எண்ணிட்டு வைத்தேன். நெல்லிக்காய் அளவில் கோணல்மாணலாக இருக்கும் இவ்விதைகளின் மேற்புறம் தக்கைபோல் இருப்பதால்தான் கடலில் மிதக்கின்றன. இவற்றைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. மண்ணே இல்லாமல் டப்பாவிலேயே முளைத்துவிட்டன. விதையிலிருந்து வெளிறிய குழல் ஒன்று நீண்டு, கீழ்நோக்கி வளைந்து, தன் நுனியில் வேரையும் கிழங்கையும் உருவாக்குவதையும், ஊட்டி முடித்த விதை மெல்லச் சுருங்குவதையும் நாள்தோறும் பார்த்தேன்.

மணல் கலந்த மண்ணில் நட்டவை 26. நாங்கள் வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில், கருப்பு உடலில் வெள்ளைப் புள்ளியிட்ட புழுக்கள் இலைக்குள் புகுந்து, கழுத்துவழியே கிழங்குவரை குடைந்து 7 செடிகளை முடித்தன. இப்போது தினமும் இலையைத் திருப்பிப் பார்த்து முட்டைகளை நசுக்குகிறேன்.

மீந்த 19 தொட்டிகளில் இரண்டாம் எண் புதரின் பிள்ளைகள் மூன்றில் மட்டுமே இருக்கின்றன. அந்தப் புதர் இருந்த இடத்தில் இன்று சுற்றுச்சுவர் நிற்கிறது.