அம்மா நேர்ந்துகொண்ட வெள்ளிக் கால்

அப்பாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபோது, அவர் எழுந்து நடந்தால் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு அழைத்து வந்து வெள்ளியில் கால் உரு செலுத்துவதாகத் தையல்நாயகியிடம் நேர்ந்துகொண்டவர் அம்மா. அப்பா நடந்தார், நேர்த்தியைச் செலுத்த அம்மா இருக்கவில்லை. அவருடைய ஆண்டுத் திதி முடிந்ததும், குலதெய்வத்தின் கடனை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்பாவே வற்புறுத்தியதால் புறப்பட்டோம். இவ்வூர் 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் 2020-இல் மயிலாடுதுறை மாவட்டத்துக்கும் போய்விட்டதை அம்மா கடைசிவரை ஏற்கவில்லை. அவருக்கு இது தஞ்சாவூர் ஜில்லாதான்.

பேருந்தை விட்டு இறங்கியவுடன் நாடி ஜோதிடத் தரகர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெருவிரல் ரேகை மட்டும் போதும், முற்பிறவியே தெரிந்துவிடும் என்று ஒருவர் கோபுர வாசல்வரை விடாமல் வந்தார். ஊன்றுகோலுடன் நடக்கும் முதியவரை வழிமறிக்கிறோமே என்ற எண்ணம்கூட அவருக்கு இல்லை. செவ்வாய்க்கிழமையாதலால் அங்காரகனுக்கு வந்த கூட்டம் வேறு. சித்தாமிர்தத் தீர்த்தத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வரிசையில் நின்றோம். கம்பித் தடுப்புக்குள் உட்கார இடமில்லை. அப்பா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாரே தவிர, திரும்பிவிடலாம் என்று சொல்லவில்லை. ‘தீராநோய் தீர்த்தருள வல்லான்’ என்று அப்பர் பெருமான் பாடிய வைத்தியநாதரை ஒரு கணமே காண முடிந்தது. செல்வ முத்துக்குமாரசுவாமியையும் அப்படியே.

அம்பாள் சந்நிதியில் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். எங்கள் வீட்டில் அது எப்போதும் அம்மாவின் பொறுப்பு. பின்னால் கைகட்டி நிற்கும் அப்பாவின் காதில் எதுவும் விழுவதாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை. நான் வாய் திறப்பதற்குள் அப்பா தம் பெயரையும் உத்திரட்டாதியையும் சொன்னார், சொல்லிவிட்டு நின்றுவிட்டார். அடுத்து வரவேண்டியது அம்மாவின் பெயர். பின்னாலிருந்து நெருக்கினார்கள். குருக்கள் என்ன புரிந்துகொண்டாரோ, அவசரப்படுத்தாமல் அவர் முகத்தையே பார்த்தபடி இருந்தார். பிறகு நான், என் மனைவி, தங்கை, அவள் கணவர், கடைக்குட்டிப் பேத்தி வரை ஒருவர் நட்சத்திரமும் பிசகாமல், அம்மா சொல்லும் அதே வரிசையில், ஆயில்யத்துக்கு அவர் கொடுக்கும் சிறு இழுப்பு உட்பட, அப்பா ஒப்புவித்தார். இத்தனை வருடங்களாக இந்த மனிதர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

தீபாராதனையில் அம்பாளின் முகம் தெரிந்தபோது, கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துவந்த ஒன்றும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தாயே, எங்கள் தாய் கேட்டதைக் கொடுத்தாயே என்று அழுதேன், தங்கையும் அழுதாள். அப்பா மட்டும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக் காலைத் தம் கையாலேயே உண்டியலில் போட்டார். கோயிலின் மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கிக்கொண்டு வரலாம் என்று நாங்கள் நகர்ந்த பிறகும் சந்நிதியை நோக்கி ஏதோ முணுமுணுத்தவரிடம் என்னவென்று கேட்டோம். பேத்திக்கு இங்கே முடியிறக்கும் நாளன்று ஊன்றுகோல் இல்லாமல் நடந்து வருவதாக நேர்ந்துகொண்டாராம். அப்பா தம் வாயால் ஒன்றை நேர்ந்துகொண்டது எனக்குத் தெரிந்து இதுவே முதல்முறை. அதையும் தையல்நாயகி நடத்திவைப்பாள்.