ஃபிரிட்ஜ் தட்டும் ஒரு ஐப்பசிக் காய்ச்சலும்

மதுரையில் எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். அதனால் ரெண்டு நீல டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, ஏழெட்டுக் குடம் எல்லாம் வீட்டில் எப்போதும் நிறைந்தே இருக்கும். டிரம் நிறைந்திருந்தால்தான் அத்தைக்குத் தூக்கமே வரும். டெங்குக் கொசுவுக்கும் அந்த நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்பது போன ஐப்பசி வரை எங்களுக்கு உறைக்கவில்லை. வாசல் சாக்கடையில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தோம்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. 103. "கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதும்மா" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படி ஒரு இடத்தைச் சொல்லி வலிக்கிறது என்று அதற்குமுன் நான் கேட்டதில்லை. பக்கத்து கிளினிக்கில் "வைரல் ஃபீவர்தான்" என்று ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். புதன்கிழமையும் இறங்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா சிரப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபனும் சேர்ந்தது அது. "டெங்கா இருந்தா இது ரத்தக்கசிவக் கூட்டும். இனிமே பாராசிட்டமால் மட்டும், எடைக்குத் தக்க அளவு." ரத்தம் எடுத்தார்கள். காய்ச்சலின் முதல் அஞ்சு நாளுக்குள் டெங்குவைக் கண்டுபிடிக்க என்எஸ்-1 என்ற சோதனை பார்ப்பார்களாம். பாசிட்டிவ்.

அன்று பெட் தரவில்லை. தண்ணீர் குடிக்கிறாள், வாந்தி இல்லை, வீட்டிலேயே பார்க்கலாம், தினம் ரத்தம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கிளம்பும்போது டாக்டரம்மா ரெண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பகலிலும் வலைக்குள் படுக்க வைக்கணும். இவளைக் கொசு கடிக்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். "இவள கடிச்ச கொசு சின்னவன கடிக்கும்ல" என்றார். காய்ச்சல் இருக்கும் நாளில் அவள் ரத்தத்தில் கிருமி ஓடுமாம், அந்தக் கொசு கடிப்பதும் பகலில்தானாம். இன்னொன்று: "காய்ச்சல் விடுற அன்னைக்குத்தான் கண்ண மூடாம பாக்கணும். வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், ஆறு மணி நேரமா யூரின் போகலன்னா யோசிக்காம தூக்கிட்டு வாங்க."

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் ரெண்டு பத்தி கோடு போட்டேன். உள்ளே போனது, வெளியே வந்தது. கஞ்சித்தண்ணி, இளநி, ஓஆர்எஸ் எல்லாம் 150 மில்லி எவர்சில்வர் டம்ளர் கணக்கில். இதற்கு நடுவில் சொந்தக்காரர்களின் போன். பப்பாளி இலைச்சாறு, கிவி பழம், டிராகன் ஃபுரூட் என்று ஆளுக்கொரு வைத்தியம். அத்தை நிலவேம்புக் குடிநீர் காய்ச்சினார். எனக்கு நிலவேம்போடு பகை இல்லை. ஆனால் அந்தக் கசப்பில் அவள் குடித்திருந்த ஒரு டம்ளர் ஓஆர்எஸ்ஸும் சேர்ந்து வெளியே வந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். அதற்குப் பிறகு நிலவேம்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை 98.4. அத்தை தெப்பக்குளம் மாரியம்மனுக்கு முடிந்து வைத்த மஞ்சத்துணியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே கிளம்பிவிட்டார். பிள்ளை சத்தமில்லாமல் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்றுதான் நானும் விட்டேன். பன்னிரண்டு மணிக்குக் கஞ்சியை எழுதப் போனபோதுதான் வலது பத்தி கண்ணில் பட்டது. கடைசியாக அவள் பாத்ரூம் போனது விடியற்காலை ஐந்தரை. காலைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. ஆட்டோவில் போகும்போது மடியில் சுருண்டுகொண்டு வயிறு வலிக்கிறது என்றாள்.

பிளேட்லெட் 41,000. என் வீட்டுக்காரர் உடனே வாட்ஸ்அப்பில் ரத்தம் கொடுக்க ஆள் தேட ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா கை காட்டி நிறுத்தினார். "ரத்தக்கசிவு இருந்தாலோ, பத்தாயிரத்துக்குக் கீழ போனாலோ பாப்போம். இப்ப நான் பாக்கிறது பிசிவி." பிசிவி என்றால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்காம். புதன்கிழமை 36 இருந்தது 44 ஆகியிருந்தது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகப் போக, ரசம் சுண்டுவது மாதிரி ரத்தம் கெட்டியாகிறது. நாடி தளர்வதும் கால் சில்லிடுவதும் அதனால்தான். சலைன் ஏற்றினார்கள். அதையும் கண்டபடி ஏற்றக் கூடாதாம், கசிவு நின்றதும் அந்த நீரெல்லாம் திரும்பி வந்து நெஞ்சில் கோத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க பிரஷர் பார்ப்பதும், சொட்டைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். மூன்று மணிக்கு "பாத்ரூம் போகணும்" என்றாள். நான் அழுததைப் பார்த்துப் பக்கத்துப் பெட் அம்மா பயந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோசை கேட்டாள். அப்புறம் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து ஒரே அரிப்பு. தேறுகிற அறிகுறிதான் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து மாநகராட்சிக்குத் தகவல் போயிருந்தது. வீடு திரும்பிய மறுநாளே கொசு ஒழிப்பு அக்கா டார்ச்சோடு வந்துவிட்டார். ரெண்டு மாதம் முன்பும் அவர் வந்தார். "எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பியது நான்தான். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. நேரே ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, மோட்டார் மேல் இருக்கும் தட்டை உருவி வெளிச்சத்தில் காட்டினார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. ரெண்டு விரல்கடை தண்ணீர், அதில் தலைகீழாகத் தொங்கியும் குட்டிக்கரணம் போட்டும் கூத்தாடிப் புழுக்கள். ஆறு வருடமாக அந்தத் தட்டுக்கு மேலேதான் பாலும் மாவும் வைத்து எடுத்திருக்கிறேன்.

டிரம்மில் புழு இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே விரலால் தடவி, கரும்பொடி மாதிரி ஒட்டியிருந்ததைக் காட்டினார். "தண்ணிய மட்டும் கொட்டுனா போதாதுக்கா, நாரு வெச்சுத் தேய்ங்க. முட்டை மாசக்கணக்கா காஞ்சு கெடந்தாலும் தண்ணி பட்டா பொரிச்சிரும்." முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும் என்பதால் வாரம் ஒருநாள் காயப்போட்டுத் தேய்க்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கத்தோடு அதையும் அத்தை சேர்த்துக்கொண்டார். டிரம் வாயில் வேட்டித்துணி கட்டியாயிற்று. ஒரு தடவை வந்தால் இனி வராது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். கிருமியில் நாலு வகை உண்டு, அடுத்த வகை வந்தால் இதைவிட மோசமாகலாம் என்று அக்கா சொன்னதும் பேச்சு நின்றது. சின்னவனை ரெண்டு வாரம் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

போன மாதம் அக்கா மறுபடி வந்தபோது கொஞ்சம் பெருமையாகவே கேட்டைத் திறந்தேன். தட்டு காய்ந்திருந்தது, டிரம் பளபளவென்று இருந்தது. "மாடில?" என்றார். ஏறினோம். கிரைண்டர் வாங்கியதும் மாடிக்கு ஏற்றிய ஆட்டுக்கல், குழி நிறைய மழைத்தண்ணீர், உள்ளே கூத்தாடிகள். அதை யார் தூக்கிக் கவிழ்ப்பது? அவர் மண் அள்ளிவந்து குழியை மூடினார். அத்தை அதில் புதினா நட்டிருக்கிறார்.